ஆர்.ஓ.வா, யு.வி.யா, கொதிக்க வைப்பதா? வீட்டுத் தண்ணீருக்கு எது பொருந்தும்

சில வருடங்களுக்கு முன் வீட்டுக்கு வந்த ஒரு விற்பனையாளர் மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கையோடு கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர், அதாவது அழுத்தம் கொடுத்து ஒரு சவ்வு வழியாகத் தள்ளி உப்பு நீக்கிய தண்ணீர். உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் முக்கி சுவிட்சைப் போட்டார். ஒரு நிமிடத்துக்குள் எங்கள் தண்ணீர் செங்காவி நிறமாகி, மேலே அழுக்கு நுரையும் அடியில் சேறுமாகத் திரண்டது. அவருடைய தண்ணீர் பளிங்கு மாதிரி அப்படியே நின்றது. "இதைத்தான் சார் தினமும் குடிக்கிறீங்க" என்றார். அன்று சாயங்காலமே ஆர்.ஓ. கருவிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சேறு எங்கள் தண்ணீரிலேயே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கம்பிகளில் இரும்பு இருக்கிறது. உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து துருவாகத் தண்ணீரில் இறங்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால் கம்பியும் கரையாது. அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுக் கருவியை முக்கினால் அதுவும் காவியாகிவிடும். பின்னாளில் ஒரு நண்பரிடமிருந்து இந்தக் கருவியை வாங்கிச் செய்து பார்த்து, கொஞ்ச நேரம் என்மீதே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கோபத்தோடு கோபமாகத் தண்ணீரை ஆய்வகத்துக்கும் அனுப்பினேன். கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 210 மி.கி. அதாவது நல்ல தண்ணீர். ஃப்ளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக் எதுவும் வரம்பைத் தாண்டவில்லை. கடைசி வரியில்தான் விஷயம் இருந்தது: மலக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலி பாக்டீரியா இருக்கிறது. மூடி சரியாகப் பொருந்தாத மேல்நிலைத் தொட்டிதான் காரணம். ஆக, கிருமிப் பிரச்சினை உள்ள வீட்டில் உப்பு நீக்கும் இயந்திரத்தை மாட்டி வைத்திருந்தேன். ஆர்.ஓ. சவ்வு கிருமியையும் தடுக்கும் என்பதால் குடிக்கும் தண்ணீர் தப்பித்தது. ஆனால் பல் துலக்கும் தண்ணீர், வாய் கொப்பளிக்கும் தண்ணீர் எல்லாம் அந்தத் தொட்டியிலிருந்து நேராக வந்துகொண்டுதான் இருந்தன. இன்னொரு பக்கம், தேவையே இல்லாமல் வருடக்கணக்கில், ஆர்.ஓ. கழிவாக வெளியே தள்ளும் நல்ல தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.

சரி, இனி ஒப்பீட்டுக்கு வருவோம். வழக்கமாக எல்லோரும் கருவிகளை வரிசையாக வைத்து "எது பெஸ்ட்" என்று பார்க்கிறோம். நான் அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வேன். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாதவரை இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டரைப் பலரும் தண்ணீரின் தரம் காட்டும் தெர்மாமீட்டராக நினைக்கிறார்கள். அது செய்வது ஒரே வேலைதான். தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளந்து, அதை 0.5க்கும் 0.7க்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. கால்சியமா, சோடியமா, நைட்ரேட்டா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மின்னேற்றம் இல்லாத பூச்சிக்கொல்லி அதன் கண்ணில் படாது. பாக்டீரியா லட்சக்கணக்கில் நீந்தினாலும் எண் அசையாது.

ஆர்செனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மி.கி. வீட்டு மீட்டர் காட்டும் மிகச் சிறிய மாற்றமே 1 மி.கி. நூறு மடங்கு வித்தியாசம். ஈயத்துக்கும் இதே கதைதான். மீட்டரில் 60 என்று வரும் தண்ணீரில் ஈயம் இருக்கலாம். 600 காட்டும் தண்ணீர், வெறும் கால்சியமும் மெக்னீசியமும் கலந்த, யாருக்கும் கெடுதல் செய்யாத தண்ணீராக இருக்கலாம். ருசி என்று பார்த்தால், 600 மி.கி.க்குள் இருக்கும் தண்ணீர் பொதுவாக நன்றாகவே இருக்கும் என்றும், 1,000ஐத் தாண்டினால் குடிக்கவே பிடிக்காமல் போகும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. 250 மி.கி. காட்டும் தண்ணீரை ஆர்.ஓ.வில் போட்டு 20க்குக் கொண்டுவருவதால் உடம்புக்கு என்ன கிடைக்கிறது என்று என்னிடம் கேட்டால், சப்பென்ற ருசி கிடைக்கிறது என்பேன்.

ஆய்வகத்தில் எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்? கிணறு, ஆழ்துளைக் கிணறு என்றால் ஈ.கோலி (100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது), நைட்ரேட் (உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 50 மி.கி.), ஃப்ளோரைடு (1.5 மி.கி.), ஆர்செனிக், இரும்பு, கடினத்தன்மை, மொத்த உப்பு. பொதுக் குழாய்த் தண்ணீர் என்றால் ஈ.கோலியும் மிச்சமிருக்கும் குளோரினும் முக்கியம். கட்டடம் பழையதாக இருந்தால் ஈயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈயம் பெரும்பாலும் ஆற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ வருவதில்லை, குழாயிலிருந்தும் பித்தளை இணைப்புகளிலிருந்தும் கரைந்து வருகிறது. அதனால் ராத்திரி முழுக்கக் குழாயைத் திறக்காமல் விட்டு, காலையில் வரும் முதல் லிட்டரைப் பிடிக்க வேண்டும். நாலைந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தால் ஈயம் ஓடிப் போயிருக்கும், ரிப்போர்ட் நல்ல பிள்ளையாக வரும்.

ரிப்போர்ட் கையில் வந்த பிறகு, பிரச்சினை நான்கில் எது என்று பாருங்கள். மிதக்கும் அழுக்கா, கிருமியா, கரைந்த உப்பா, இல்லை நாற்றமும் ரசாயனமுமா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

அடுப்பு

கொதிக்க வைப்பதைப் பழைய முறை என்று ஒதுக்குகிறவர்கள் அதன் பலத்தை மறந்துவிடுகிறார்கள். பாக்டீரியா, வைரஸ், கெட்டி உறைக்குள் இருந்து குளோரினுக்கே அசையாத ஒட்டுண்ணிகள் எல்லாம் இதில் சாகும். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதிகளில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே மூன்று நிமிடம். இருபது நிமிடம் கொதிக்கவிடுவது எரிபொருளுக்குத்தான் கேடு.

அதன் பலவீனம் ரசாயனத்தில் இருக்கிறது. நைட்ரேட்டும் ஃப்ளோரைடும் ஆர்செனிக்கும் கொதித்தால் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அவை இன்னும் செறிவாகும். கைக்குழந்தை உள்ள வீட்டில் நைட்ரேட் கூடுதலாக உள்ள கிணற்றுத் தண்ணீரை "நல்லா காய்ச்சித்தான் கொடுக்கிறோம்" என்று கொடுத்தால், நல்லெண்ணத்தில் ஆபத்தைக் கூட்டுகிறோம் என்று அர்த்தம்.

செலவையும் பார்க்க வேண்டும். 25 டிகிரியில் இருக்கும் 1 லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 3,14,000 ஜூல் தேவை. 11 வாட் புற ஊதா விளக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் வீதம் சுத்தப்படுத்துகிறது என்று வைத்துக்கொண்டால் அதே 1 லிட்டருக்கு 660 ஜூல். நானூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். நாலு நாள் காய்ச்சல் சமயத்துக்கோ, வெள்ளம் வந்து தண்ணீர் கலங்கிய வாரத்துக்கோ அடுப்பு சரி. வருடம் 365 நாளும் என்றால் கையும் நேரமும் அலுத்துவிடும், அலுத்த நாளில் காய்ச்சாத தண்ணீரைத்தான் குடிப்போம்.

கேண்டிலும் யு.எஃப். சவ்வும்

பீங்கான் கேண்டில் ஃபில்டரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன்மேல் ஒரு பாசம் உண்டு. எனக்கும் உண்டு. அது பாக்டீரியாவைத் தடுக்கும், வைரஸை விட்டுவிடும். இதில் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டரின் ஆய்வகத்தில் வேலை செய்த சார்ல்ஸ் ஷாம்பர்லாண்ட் 1884ல் பாக்டீரியாவை வடிகட்டும் பீங்கான் வடிகட்டியைச் செய்தார். 1892ல் திமித்ரி இவனோவ்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி நோயுற்ற புகையிலைச் சாற்றை அந்த வடிகட்டியில் ஊற்றினார். வடிந்து வந்த தெளிவான சாறும் நோயைப் பரப்பியது. பாக்டீரியாவைவிடச் சிறிய ஏதோ ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அப்படித்தான் தெரியவந்தது. வைரஸ் என்ற ஒன்றை மனிதன் கண்டுகொண்டதே பீங்கான் ஃபில்டர் அதைக் கோட்டை விட்டதால்தான்.

யு.எஃப். (அல்ட்ரா ஃபில்ட்ரேஷன்) சவ்வு இதன் வாரிசு. நூல் மாதிரியான உள்ளீடற்ற இழைகள், அவற்றின் சுவரில் 0.01 முதல் 0.1 மைக்ரான் வரையிலான துளைகள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஈ.கோலி ஒரு மைக்ரானுக்கு மேல் நீளமுள்ளது, அதனால் வழியே இல்லை. வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸ் ஏறக்குறைய 0.03 மைக்ரான். 0.02 என்று அளவிடப்பட்ட சவ்வு அதைப் பிடிக்கும், 0.1 என்றால் தப்பிவிடும். வாங்கும்போது இந்த ஒரு எண்ணைக் கேளுங்கள். மின்சாரம் வேண்டாம், கழிவு நீர் கிடையாது, அவ்வப்போது எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். உப்பு மட்டும் துளிகூடக் குறையாது. குறையவில்லையே என்று மீட்டரை முக்கிப் பார்த்து ஏமாற்றமடைகிறவர்கள் நிறையப் பேர்.

புற ஊதா விளக்கு

யு.வி., அதாவது புற ஊதா ஒளி, எதையும் வடிகட்டுவதில்லை. 254 நானோமீட்டர் அலைநீள ஒளி கிருமியின் மரபணுவைக் குலைத்து, அது பெருகவே முடியாதபடி செய்துவிடுகிறது. செத்த கிருமி தண்ணீரிலேயே இருக்கும், ஆனால் நோய் தராது.

1993ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குடிநீரில் கலந்து நான்கு லட்சம் பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு வந்ததாகக் கணக்கிட்டார்கள். குளோரின் போட்ட தண்ணீர்தான் அது. அந்த ஒட்டுண்ணிக்குக் குளோரின் ஒரு பொருட்டே இல்லை. புற ஊதா ஒளியிடமோ அது சட்டென்று அடங்கிவிடுகிறது. மறுபக்கம், அடினோவைரஸ் யு.வி.க்கு ரொம்பவே தாக்குப்பிடிக்கும், குளோரினில் போய்விடும். எல்லாக் கிருமிக்கும் ஒரே ஆயுதம் கிடையாது என்பதால்தான் நல்ல கருவிகளில் இரண்டு தடைகள் இருக்கின்றன.

யு.வி.யின் எதிரி கலங்கல். தண்ணீரில் மண் துகள் இருந்தால் கிருமி அதன் நிழலில் ஒளிந்துகொள்ளும். இரும்புச்சத்து ஒளியை உறிஞ்சும், கடினநீர் விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் வெள்ளைப் படலம் போடும். அதனால் யு.வி.க்கு முன்னால் ஒரு வண்டல் வடிகட்டி கட்டாயம். இன்னொன்று, விளக்கு நீல நிறத்தில் எரிகிறது என்பதால் வேலை செய்கிறது என்று நம்பிவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் நீலம் வேறு, கிருமியைக் கொல்லும் ஒளி வேறு. ஏறக்குறைய 9,000 மணி நேரம், அதாவது விடாமல் எரிந்தால் ஒரு வருடம், ஆன பிறகு அந்த இரண்டாவது ஒளி வெகுவாகக் குறைந்திருக்கும். விளக்கு பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும்.

கார்பன்

வடிகட்டியில் இருக்கும் கார்பன் என்பது நுண்துளைகள் நிறைந்த கரி; அதில் ஒரு கிராமின் நுண்துளைகளை விரித்துப் போட்டால் 500 முதல் 1,500 சதுர மீட்டர் பரப்பு வரும். குளோரின் வாடை, மண் வாடை, பூச்சிக்கொல்லி, குளோரின் கரிமப் பொருளோடு சேர்ந்து உண்டாக்கும் துணைப்பொருட்கள் எல்லாம் அந்தப் பரப்பில் சிக்கிக்கொள்ளும். நல்ல அழுத்தமான கார்பன் பிளாக் ஈயத்தையும் பிடிக்கும். ஃப்ளோரைடு, நைட்ரேட், உப்பு, கடினத்தன்மை இவற்றோடு அதற்குச் சம்பந்தமில்லை.

கார்பனில் ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீரைக் காத்துக்கொண்டிருந்த குளோரினை அது நீக்கிவிடுகிறது, பிடித்துவைத்த கரிமப் பொருள் உள்ளேயே இருக்கிறது. பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான விடுதி வேண்டுமா? அதனால் கிருமி உள்ள தண்ணீருக்கு கார்பன் மட்டும் மாட்டுவது தப்பு. கார்பன் உள்ள எந்தக் கருவியிலும் காலையில் வரும் முதல் டம்ளரைக் கீழே ஊற்றிவிடுவது நல்ல பழக்கம். ஜாடி வடிகட்டிகளும் பெரும்பாலும் கார்பன்தான், ஒரு கேட்ரிட்ஜ் 150 லிட்டரை ஒட்டித்தான் தாங்கும். இருவர் உள்ள வீட்டுக்கு அது பொருந்தும். ஆறு பேர் உள்ள வீட்டில் அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சான்றிதழ் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்காவின் என்.எஸ்.எஃப். என்ற அமைப்பின் தரநிலை 42 என்றால் ருசி, வாடை, குளோரின் வரைதான். உடல்நலம் சம்பந்தப்பட்டவற்றுக்கு 53. யு.வி.க்கு 55, ஆர்.ஓ.வுக்கு 58. அட்டைப்பெட்டியில் "சான்று பெற்றது" என்று பெரிதாகவும் 42 என்று பொடியாகவும் போட்டிருந்தால், ஈயத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. 53 என்று இருந்தாலும் எந்தப் பொருளுக்காகச் சோதித்தார்கள் என்ற பட்டியலைத் தேடிப் படியுங்கள்.

ஆர்.ஓ.

ஆர்.ஓ.வின் பிறப்பு கடல் தண்ணீரில். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப், சௌரிராஜன் என்ற இருவர் 1950களின் கடைசியில் செல்லுலோஸ் அசிடேட் சவ்வு ஒன்றை உருவாக்கினார்கள். கடல்நீரைக் குடிநீராக்குவது நடைமுறையில் முடியும் என்று அதுதான் காட்டியது. லிட்டருக்கு 35,000 மி.கி. உப்பு உள்ள தண்ணீருக்காகப் பிறந்த சிந்தனை, இப்போது 200 மி.கி. தண்ணீருக்கு அடுக்களைச் சுவரில் தொங்குகிறது.

வேலை செய்ய வேண்டிய இடத்தில் அதற்கு இணை கிடையாது. உப்புக் கரிக்கும் தண்ணீர், ஃப்ளோரைடு, நைட்ரேட், ஈயம் எல்லாவற்றையும் பெருமளவு தடுக்கும். ஆர்செனிக்கில் மட்டும் ஒரு சிக்கல். அது தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கிறது. ஐந்து இணைதிறன் கொண்ட வடிவத்துக்கு மின்னேற்றம் உண்டு, சவ்வில் மாட்டும். காற்றுப் படாத நிலத்தடி நீரில் அதிகம் இருக்கும் மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மின்னேற்றம் இல்லை, நிறையவே நழுவிவிடும். அப்படிப்பட்ட தண்ணீரை முதலில் குளோரின் மாதிரி ஏதாவது ஒன்றால் ஆக்சிஜனேற்றம் செய்து, அந்தக் குளோரினைக் கார்பனில் நீக்கிவிட்டு (குளோரின் சவ்வைக் கெடுத்துவிடும்), அப்புறம்தான் சவ்வுக்கு அனுப்ப வேண்டும்.

இப்போது விலை. கடைக்காரர் சொல்லும் விலையைச் சொல்லவில்லை, தண்ணீரில் கொடுக்கும் விலையைச் சொல்கிறேன். வழக்கமான வீட்டு ஆர்.ஓ. 1 லிட்டர் நல்ல தண்ணீர் தர 3 முதல் 5 லிட்டரை வெளியே தள்ளும். மோசமானவை 10 வரை போகும். ஒரு வீட்டுக்கு நாளைக்கு 15 லிட்டர் தேவை, கழிவு மூன்று மடங்கு என்று வைத்தால் வருடத்துக்கு 16,000 லிட்டருக்கு மேல். நல்ல தண்ணீரில் ஆர்.ஓ. மாட்டினால் அந்தக் கழிவும் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர்தான். ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் உப்பு மூன்றில் ஒரு பங்குதான் கூடும், 210 மி.கி. என்பது 280 ஆகும். தரை துடைக்க, துணி அலச, கழிப்பறைக்கு என்று தாராளமாகப் பயன்படுத்தலாம். மூல நீர் 1,500 மி.கி. என்றால் செடிக்கு ஊற்ற யோசிக்க வேண்டும்.

ஆர்.ஓ. கருவிகளில் "டி.டி.எஸ். கண்ட்ரோலர்" என்று ஒரு திருகு இருக்கும். தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்றால் மெக்கானிக் அதைக் கொஞ்சம் திருகிவிட்டுப் போவார், ருசி வந்துவிடும். என்ன நடக்கிறது என்றால், சவ்வைத் தொடாத தண்ணீரில் ஒரு பங்கு சுற்றிவந்து கலக்கிறது. மூல நீர் 400, சவ்வு தாண்டி வருவது 30, திருகி 150க்குக் கொண்டுவந்தால், குடிப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சவ்வையே பார்க்காத தண்ணீர். மூல நீரில் ஆர்செனிக் 50 மைக்ரோகிராம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். டம்ளரில் 16 மைக்ரோகிராமாவது வந்துவிடும். வரம்பு 10. எதற்காக ஆர்.ஓ. வாங்கினோமோ அதைத் திருகு திரும்பக் கொண்டுவந்துவிட்டது. ஆர்செனிக் உள்ள இடத்தில் அந்தத் திருகு மூடியே இருக்கட்டும். இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: திருகித் திறக்கப் பயமில்லாத தண்ணீர் என்றால், பெரும்பாலும் அந்த வீட்டுக்கு ஆர்.ஓ.வே தேவைப்பட்டிருக்காது.

தாதுச்சத்து போய்விடுமே என்ற கவலையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நமக்கு வேண்டிய தாதுக்களில் பெரும்பங்கு உணவிலிருந்துதான் வருகிறது.

சாஃப்ட்னர் குடிப்பதற்கில்லை

சோப்பு நுரைக்கவில்லை, ஹீட்டரில் கல் கட்டுகிறது, குழாய் முனையெல்லாம் வெள்ளை பூக்கிறது என்றால் அது கடினநீர். உடம்புக்கு அதனால் கெடுதல் என்று சொல்ல முடியாது, வீட்டுப் பொருட்களுக்குத்தான் எமன். சாஃப்ட்னரில் உள்ள பிசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். 300 மி.கி. கடினத்தன்மையை முழுக்க நீக்கினால் லிட்டருக்கு ஏறக்குறைய 138 மி.கி. சோடியம் சேரும். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்கள் வீட்டில், குடிக்கும் குழாயை சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்து எடுத்துவிடுவது நல்லது. இது கிருமியையும் தொடாது, மொத்த உப்பையும் குறைக்காது.

எந்த வீட்டுக்கு எது

பொதுக் குழாய்த் தண்ணீர், உப்பு 500க்குள், குளோரின் வாடை மட்டும்தான் தொந்தரவு என்றால் கார்பன் பிளாக் போதும். அதே தண்ணீர் தொட்டியில் தங்கி வருகிறது, தொட்டியின்மேல் முழு நம்பிக்கை இல்லை என்றால், வண்டல் வடிகட்டி, கார்பன், யு.எஃப்., யு.வி. என்ற வரிசை. என் வீட்டில் இப்போது இருப்பது இதுதான். அதோடு தொட்டியைக் கழுவி, குளோரின் போட்டு, மூடியை மாற்றினேன். எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்தது எது என்றால் அந்த மூடிதான்.

மின்சாரம் நிலையில்லாத இடத்தில் யு.வி.யை நம்பக் கூடாது. 0.02 மைக்ரான் யு.எஃப். சவ்வு, இல்லாவிட்டால் கேண்டிலும் அதற்குப் பிறகு குளோரின் மாத்திரையும். மாத்திரை போட்டால் அட்டையில் சொன்ன அளவைப் பார்த்துப் போட்டு, குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வடிகட்டாத கலங்கல் தண்ணீரில் போடும் மாத்திரை வீண்.

உப்பு 1,000ஐத் தாண்டினால், நைட்ரேட் வரம்பை மீறினால், தயங்காமல் ஆர்.ஓ. ஃப்ளோரைடு மட்டும்தான் கூடுதல், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் ஃப்ளோரைடைப் பிடித்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் அலுமினா என்ற மணிகள் நிரப்பிய வடிகட்டி என்று ஒரு வழி இருக்கிறது, தண்ணீரை வீணாக்காது. ஆனால் அது எப்போது தீர்ந்துபோனது என்று நாக்குக்குத் தெரியாது, சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு அங்கேயும் ஆர்.ஓ.தான்.

பிடிக்கும்போது தெளிவாக இருந்து, கொஞ்ச நேரத்தில் பழுப்பாகும் தண்ணீர் என்றால் இரும்பு. அதை அடுக்களைக் கருவியில் தீர்க்கப் பார்த்தால் கேட்ரிட்ஜ் வாங்கி மாளாது. வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே காற்றோட்டம் கொடுத்து வடிகட்ட வேண்டும். பொதுவாகவே இரும்பும் கடினத்தன்மையும் வண்டலும் வீட்டு வாசலில் தீர்க்க வேண்டியவை. கிருமி, ஈயம், நைட்ரேட், ஃப்ளோரைடு, ஆர்செனிக் எல்லாம் குடிக்கும் குழாயில் தீர்க்க வேண்டியவை. குளிக்கும் தண்ணீரையும் ஆர்.ஓ. செய்து தருகிறோம் என்று யாராவது வந்தால், மூல நீர் கடல்நீராக இல்லாதவரை, வாசலோடு அனுப்பிவிடலாம்.

எதை மாட்டினாலும் கேட்ரிட்ஜின் மேல் மார்க்கரால் தேதி எழுதி வையுங்கள். கருவியில் எரியும் பச்சை விளக்கு பல மாடல்களில் வெறும் நாட்களை எண்ணும் கடிகாரம்தான், உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. வடிகட்டிய தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, டம்ளரோடு கையும் உள்ளே போகும்படி வைத்திருந்தால் இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் வீண். மூடியும் குழாயும் உள்ள பாத்திரம் போதும். மாட்டி ஒரு மாதம் கழித்து, இந்த முறை கருவியிலிருந்து வரும் தண்ணீரை, ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வாங்குவதற்கு முன் பரிசோதிக்கிறவர்களே குறைவு, வாங்கிய பின் பரிசோதிக்கிறவர்களை நான் பார்த்ததே இல்லை.

எங்கள் பழைய ஆர்.ஓ. பரணில் கிடக்கிறது. "சும்மாதானே கிடக்கு, எனக்குக் கொடுத்துடேன்ப்பா" என்று சித்தப்பா போன வாரம் கேட்டார். அவர் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கிறது என்கிறார். தரலாம். ஆனால் முதலில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்தில் கொடுங்கள் சித்தப்பா என்று சொல்லியிருக்கிறேன். "ஓசியில் ஃபில்டர் வாங்கவே இவ்வளவு கெடுபிடியா" என்று அலுத்துக்கொண்டே கொடுத்துவிட்டு வந்தார். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.